ஹெரால்ட் வாஷிங்டனின் சிகாகோ: ஆணைகள் நின்றன, அணி கலைந்தது

கேள்வி

ஹெரால்ட் வாஷிங்டன் சிகாகோ நகரின் மேயராக நான்கரை ஆண்டுகள் இருந்தார். 1983 ஏப்ரல் 29 அன்று பதவியேற்றார். இரண்டாம் முறை வென்று ஏழு மாதங்கள் ஆகியிருந்த நிலையில், 1987 நவம்பர் 25 அன்று தம் அலுவலக மேசையிலேயே மாரடைப்பால் சரிந்து இறந்தார். அந்நகரின் முதல் கறுப்பின மேயர் என்ற ஒற்றை வரியோடு பல நூல்கள் அவரைக் கடந்துவிடுகின்றன. அந்த வரியில் பிழை ஏதுமில்லை. ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கை எழுப்பும் கடினமான கேள்வி அதில் அடங்கவில்லை.

கறுப்பின மக்கள், லத்தீனோ மக்கள், ஏரிக்கரைப் பகுதியின் வெள்ளையினத் தாராளவாதிகள் என மூன்று தரப்பும் சேர்ந்த கூட்டணிதான் அவரைப் பதவியில் அமர்த்தியது. அவர் இறந்து ஒரு வாரம் முடிவதற்குள் அது உடைந்தது. அதே வேளையில், அவர் ஆட்சியில் எழுதப்பட்ட ஆணைகளிலும் உடன்படிக்கைகளிலும் பல, அவருக்குப் பின் வந்தவர்களின் காலத்திலும் நின்றன. சில அவர் இறந்த பிறகுதான் சட்டமாயின. ஒரு சீர்திருத்த ஆட்சியின் அணி கலைந்தும் ஆணைகள் நின்றது எப்படி என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

சிகாகோ என்றால் தமிழ் வாசகருக்கு 1886-இன் மே தினப் போராட்டமும் 1893-இன் விவேகானந்தர் உரையும் நினைவுக்கு வரும். அந்த ஊரின் வார்டு அரசியல் நமக்கு அவ்வளவாக அறிமுகமில்லை. ஆனால் வட்டச் செயலாளரைப் பிடித்தால்தான் தெருவிளக்கு எரியும் என்ற நிலையை அறிந்த எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது.

இதுவரை சொல்லப்பட்டவை

வாஷிங்டனைப் பற்றி எழுதியோரை, விளக்கும் முறையை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் இனப்பிளவைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்குவர். பால் கிளெப்னரின் ‘சிகாகோ டிவைடட்’ (1985) இவ்வகையில் முக்கியமானது. நகரின் குடியிருப்புப் பிரிவினை, பள்ளிகள், காவல்துறை ஆகியவற்றில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கசப்பு 1983 தேர்தலில் வாக்காக மாறியதை அவர் காட்டுகிறார். இரண்டாம் வகையினர், வேலை தந்து வாக்குத் திரட்டும் கட்சி இயந்திரத்தைப் பார்ப்பவர்கள். வில்லியம் கிரிம்ஷாவின் ‘பிட்டர் ஃப்ரூட்’ (1992), கறுப்பின அரசியல்வாதிகள் அந்த இயந்திரத்துக்குள் இருந்த விதத்தையும் அதிலிருந்து விலகிய விதத்தையும் தலைமுறைவாரியாக ஆராய்கிறது. மூன்றாம் வகையினருக்குக் குடியிருப்புப் பகுதிகளின் அமைப்புகளே கதையின் நாயகர்கள். பியர் கிளாவெல், விம் வீவல் இருவரும் தொகுத்த ‘ஹெரால்ட் வாஷிங்டன் அண்ட் த நெய்பர்ஹுட்ஸ்’ (1991) இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றுக்கு வெளியே, பத்திரிகையாளர் கேரி ரிவ்லின் எழுதிய ‘ஃபயர் ஆன் த பிரேரி’ (1992) நேரில் கண்ட விவரங்கள் நிறைந்த, விறுவிறுப்பான வரலாறு.

ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இனப்பிளவு 1983-ஐ நன்றாக விளக்குகிறது. 1987 டிசம்பரில் நகர மன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களே இரு அணியாகப் பிரிந்ததை அதனால் விளக்க முடிவதில்லை. குடியிருப்புப் பகுதிகளை முன்னிறுத்தும் தொகுப்பில் எழுதியவர்களில் பலர் அந்த நிர்வாகத்தில் பணியாற்றியவர்கள். உள்ளிருந்தவர்களின் அறிவு அதன் பலம். உள்ளிருந்தவர்களின் பாசம் அதன் பலவீனம். இக்கட்டுரை பெரிதும் சாய்வது இயந்திரத்தைப் பார்த்தவர்கள் பக்கம். ஆனால் அவர்கள் போதிய அழுத்தம் தராத ஒன்றை, அதாவது சிகாகோ மேயர் பதவியின் சட்ட வடிவத்தை, இது முன்னே கொண்டுவருகிறது.

காகிதத்தில் பலவீனமான மேயர்

அமெரிக்கப் பெருநகரங்களில் சிகாகோவின் நகராட்சி அமைப்பு விந்தையானது. சட்டப்படி அங்கே அதிகாரம் 50 வார்டுகளின் 50 ஆல்டர்மன்கள் கொண்ட நகர மன்றத்திடம் இருக்கிறது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார், வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பார், தீர்மானங்களைத் தடை செய்யலாம், சமநிலையில் ஒரு வாக்கு அளிக்கலாம். நியமனங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பணத்துக்கும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

அப்படியிருக்க, ரிச்சர்ட் ஜே. டேலி 1955 முதல் 1976 வரை எதிர்ப்பே இல்லாத அரசர்போல் ஆண்டது எப்படி? மேயர் பதவியோடு குக் மாவட்ட ஜனநாயகக் கட்சியின் தலைமையும் அவரிடமே இருந்தது. கட்சித் தலைவர் என்ற முறையில் யாரை வேட்பாளராக நிறுத்துவது என்பதையும், மேயர் என்ற முறையில் யாருக்கு அரசு வேலை என்பதையும் அவரே தீர்மானித்தார். அவர் கையிலிருந்த வேலைகள் 30,000-க்கும் மேல் என்று பொதுவாகக் கணக்கிடுவர். குப்பை அள்ளுபவர் முதல் பூங்காக் காவலர் வரை, வேலை வேண்டுமானால் வார்டு கமிட்டித் தலைவரின் கடிதம் வேண்டும். வேலை நிலைக்க வேண்டுமானால் தேர்தல் நாளில் தம் பிரிசிங்க்ட்டின், அதாவது வார்டுக்குள் அடங்கிய வாக்குச்சாவடிப் பகுதியின், வாக்குகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வேலைக்கு வாக்கு என்ற இந்தப் பண்டமாற்றுதான் மன்றத்தை மேயருக்குக் கட்டுப்பட வைத்தது. மேயரின் பலம் சட்டத்திலிருந்து வரவில்லை, கட்சியிலிருந்து வந்தது. இதை மனத்தில் இருத்தாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

இயந்திரத்தின் பிள்ளை

வாஷிங்டனை இயந்திரத்துக்கு வெளியிலிருந்து வந்த போராளியாகச் சித்தரிக்கும் எழுத்துகள் உண்டு. அவருடைய வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. 1922 ஏப்ரல் 15 அன்று சிகாகோவில் பிறந்த அவர் வளர்ந்தது தென்பகுதியில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பிரான்ஸ்வில்லில். தந்தை ராய் வாஷிங்டன் வழக்கறிஞர், மெதடிஸ்ட் போதகர், அத்தோடு மூன்றாம் வார்டில் ஜனநாயகக் கட்சியின் பிரிசிங்க்ட் கேப்டன். வாக்காளர் பட்டியலும் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டுவதும் மகனுக்குச் சிறுவயதிலேயே பழகியவை.

டூசேபிள் உயர்நிலைப் பள்ளியில் படிப்பைப் பாதியில் விட்டார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் ராணுவப் பொறியியல் பிரிவில் பணியாற்றினார். திரும்பிவந்து, இன வேறுபாடு பாராமல் மாணவர்களைச் சேர்த்த ரூஸ்வெல்ட் கல்லூரியில் 1949-இல் பட்டம் பெற்றார். 1952-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். 1953-இல் தந்தை இறந்ததும் அவருடைய பிரிசிங்க்ட் மகனிடம் வந்தது. பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிப் பதக்கம் வென்றவரும் மூன்றாம் வார்டின் ஆல்டர்மனுமான ரால்ஃப் மெட்காஃபின் கீழ் அவர் இளைஞர் அணியைக் கட்டினார். நகராட்சியின் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு பணியும், பிறகு மாநிலத் தொழில் ஆணையத்தில் ஒரு பணியும் கிடைத்தன. இரண்டுமே கட்சி வழி வந்தவை.

1964-இல் அவர் இல்லினாய் மாநில அவைக்குச் சென்ற விதமும் வேடிக்கையானது. தொகுதி மறுவரையறையில் உடன்பாடு எட்டப்படாததால் அவ்வாண்டு மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி 177 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டு படுக்கை விரிப்பு அளவு நீண்டது. கட்சிப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் ஒட்டுமொத்தமாக வென்றனர். வாஷிங்டனும் அவர்களில் ஒருவர்.

சட்டமன்றத்தில்தான் அவர் மெல்ல விலகத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாளை மாநில விடுமுறையாக்கும் முயற்சியை அவர் தொடர்ந்து முன்னெடுத்தார். 1973-இல் இல்லினாய் அதைச் சட்டமாக்கியது. காவல்துறை அத்துமீறலைக் கேள்வி கேட்டது கட்சித் தலைமைக்குப் பிடிக்கவில்லை. 1972-இல் மெட்காஃப் அதே பிரச்சினையில் டேலியிடமிருந்து முறித்துக்கொண்டபோது, தென்பகுதியில் தனித்து நிற்பதற்கான இடம் உருவானது.

அதே 1972-இல் வாஷிங்டன் சிறை சென்றார். நான்கு ஆண்டுகள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யவில்லை என்பது குற்றம். பெரும்பகுதி வரி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டிருந்தது. பாக்கி சொற்பத் தொகைதான். என்றாலும் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகச் சிறையிலிருந்தார். அதற்கு முன்பே, வழக்கு கொண்டுவந்தவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தரவில்லை என்று அவருடைய வழக்கறிஞர் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அவரைப் போற்றுவோர் இதைப் பழிவாங்கலாக மட்டும் பார்க்கிறார்கள். பழிவாங்கல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொந்த விவகாரங்களில் அசட்டையான மனிதர் என்பதும் உண்மை. உடல்நலத்திலும் அப்படித்தான். வாரிசு விஷயத்திலும் அப்படித்தான் என்பதைப் பின்னால் காண்போம்.

1977-இல், டேலி இறந்த பிறகு நடந்த சிறப்புத் தேர்தலில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்சுற்றில் அவர் போட்டியிட்டுச் சுமார் 11 விழுக்காடு வாக்குகளே பெற்றார். 1980-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வானார். 1982-இல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த அந்தக் காங்கிரஸ் உறுப்பினருக்குச் சிகாகோவுக்குத் திரும்பும் அவசரம் இருக்கவில்லை.

1983: வாக்காளர் பட்டியலில் தொடங்கிய வெற்றி

1979 ஜனவரியில் பெய்த பெரும் பனியில் நகரம் முடங்கியது. புறநகர்ப் பயணிகளை விரைவாகக் கொண்டுசேர்ப்பதற்காக ரயில்கள் கறுப்பினப் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் சென்றன. அந்தக் கோபத்தில் மேயர் பிலாண்டிக்கைத் தோற்கடித்து ஜேன் பர்ன் வென்றார். அவரை வெற்றிபெற வைத்ததில் கறுப்பின வாக்காளருக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அவர் விரைவிலேயே இயந்திரத்தோடு சமாதானம் செய்துகொண்டார். 1982-இல், குடியிருப்போர் பெரும்பாலும் கறுப்பினத்தவராக இருந்த பொதுக் குடியிருப்பு வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களுக்குப் பதில் வெள்ளையரை நியமித்தார். அவ்வாண்டுக் கோடையில் நகரத் திருவிழாவான சிகாகோஃபெஸ்ட் புறக்கணிக்கப்பட்டது. நலத்திட்டப் பயனாளிகளின் அமைப்புகள், தேவாலயங்கள், வானொலி, கறுப்பின வணிகர்கள் எனப் பலரும் சேர்ந்து வாக்காளர் பதிவைத் தொடங்கினர்.

போட்டியிட வாருங்கள் என்று அழைத்தவர்களிடம் வாஷிங்டன் நிபந்தனை வைத்தார்: முதலில் 50,000 புதிய வாக்காளர்களைச் சேர்த்துக் காட்டுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்துக் காட்டினார்கள். இது அவருடைய அரசியல் புத்திக்கு நல்ல சான்று. உணர்ச்சிப் பெருக்கில் அவர் வரவில்லை. பிரிசிங்க்ட் கேப்டனின் கணக்கோடு வந்தார். இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவு இயக்கத்தை நடத்தியது அவர் கட்டிய கட்சி அன்று. ஏற்கெனவே இருந்த பல அமைப்புகள் தாமாகத் திரண்டன. அவர் அதன் முகமானார்.

1983 பிப்ரவரி 22 அன்று நடந்த முதல்சுற்றில் வெள்ளையர் வாக்கு பர்னுக்கும் டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலிக்கும் பிரிந்தது. வாஷிங்டன் சுமார் 36 விழுக்காடு பெற்று வென்றார். 1931-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தோற்காத ஊர் அது. முதல்சுற்றில் வென்றாலே மேயர் என்பது வழக்கம். ஆனால் இம்முறை, குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் என்ற, பலரும் அறியாத வேட்பாளரை நோக்கி வெள்ளையர் வாக்கு சாய்ந்தது. காலம் கடப்பதற்குள் விழித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அமைந்த எப்டனின் விளம்பர வாசகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மார்ச் 27, குருத்தோலை ஞாயிறன்று, முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்ட்டர் மாண்டேலோடு வடமேற்குப் பகுதியின் புனித பாஸ்கல் தேவாலயத்துக்குச் சென்ற வாஷிங்டனை வெறிக்கூச்சல் எதிர்கொண்டது. ஏப்ரல் 12 அன்று வாக்களித்தோர் சுமார் 82 விழுக்காடு. வாஷிங்டன் ஏறத்தாழ 48,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெள்ளையர் வாக்கில் அவருக்குக் கிடைத்தது எட்டில் ஒரு பங்கு அளவு. முதல்சுற்றில் அவரை அதிகம் கண்டுகொள்ளாத லத்தீனோ வாக்காளரில் பெரும்பான்மையினர் இறுதிச் சுற்றில் அவர் பக்கம் வந்தனர். வெற்றியின் விளிம்பு அவர்களிடம் இருந்தது.

29-க்கு 21

மே 2 அன்று கூடிய முதல் மன்றக் கூட்டம், மேயர் பதவி காகிதத்தில் எவ்வளவு பலவீனமானது என்பதை வெளிப்படுத்தியது. எட்வர்ட் வ்ர்டோலியாக், எட்வர்ட் பர்க் இருவரின் தலைமையில் 29 பேர் ஓரணியில் திரண்டனர். 28 வெள்ளையர், ஒரு லத்தீனோ. மேயரின் பக்கம் 21 பேர்: 16 கறுப்பினத்தவர், ஐந்து வெள்ளையர். வாஷிங்டன் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். 29 பேரும் உட்கார்ந்தபடியே இருந்து முக்கியக் குழுத் தலைமைகள் அனைத்தையும் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. நிதிக் குழு பர்க்கிடம் போனது.

வ்ர்டோலியாக் வெறும் ஆல்டர்மன் அல்லர். குக் மாவட்ட ஜனநாயகக் கட்சியின் தலைவரும் அவரே. பெரிய டேலி ஒரே கையில் வைத்திருந்த இரு பதவிகள் இப்போது எதிரெதிர் முகாம்களில் நின்றன. மன்றப் பெரும்பான்மை மேயரின் நியமனங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டது. மேயரின் தடையை மீற 34 வாக்குகள் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. ஆகவே இரு பக்கமும் மறுபக்கத்தைத் தடுக்க முடிந்தது, தானாக எதையும் செய்ய முடியவில்லை. ஏரிக்கரைப் பெய்ரூட் என்று பத்திரிகை ஒன்று கேலி செய்தது. நகைச்சுவைக் கலைஞர் ஏரன் ஃப்ரீமன் வைத்த ‘கவுன்சில் வார்ஸ்’ என்ற பெயரே நிலைத்தது.

இதை நிறவெறி என்று மட்டும் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறவெறி இருந்தது, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் மேயர் பக்கம் நின்ற 16 கறுப்பின ஆல்டர்மன்களில் பலர் நேற்றுவரை இயந்திரத்தின் விசுவாசிகள். சீர்திருத்தத்தில் ஆர்வம் வந்து அவர்கள் அணி மாறவில்லை. தம் வார்டு மக்கள் வாஷிங்டனைத் தவிர வேறு யாரையும் ஏற்க மாட்டார்கள் என்று கண்டு மாறினார்கள். அவர்களை அவரோடு கட்டிய கயிறு வாக்காளரின் கையில் இருந்தது, மேயரின் கையில் இல்லை. இது கிரிம்ஷா காட்டும் வழியில் செல்லும் வாசிப்பு. பின்னால் நடந்தவை இதற்கே வலுச் சேர்க்கின்றன.

முட்டுக்கட்டை தேர்தல் மேடையில் நீங்கவில்லை, நீதிமன்றத்தில் நீங்கியது. 1980 கணக்கெடுப்புக்குப் பின் வரையப்பட்ட வார்டு வரைபடம் கறுப்பின, லத்தீனோ வாக்கு வலிமையைச் சிதைக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் மறுவரையறைக்கு உத்தரவிட்டது. ஏழு வார்டுகளில் 1986 மார்ச் 18 அன்று சிறப்புத் தேர்தல் நடந்தது. ஏப்ரல் 29 மறுதேர்தலில் 26-ஆம் வார்டை லூயிஸ் குட்டியரஸ் கைப்பற்றியதும் மன்றம் 25-க்கு 25 ஆனது. சமநிலையில் மேயருக்கு ஒரு வாக்கு. மூன்றாண்டுகளுக்குப் பிறகு அவர் ஆளத் தொடங்கினார்.

எழுதப்பட்டவை

மன்றம் கைவிட்டதால் வாஷிங்டன் வேறு கருவிகளைத் தேட வேண்டியிருந்தது. மேயரின் நிர்வாக ஆணை, நீதிமன்ற உடன்படிக்கை ஆகிய இரண்டுக்கும் 26 வாக்குகள் தேவையில்லை. அவருடைய ஆட்சியில் நிலைத்தவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த இரு வழிகளில் வந்தவை என்பது தெரியும். நெருக்கடியில் பிறந்த இந்த வழியே அவற்றின் ஆயுளுக்கும் காரணமாயிற்று என்பது என் கருத்து.

இவற்றில் முதன்மையானது ஷேக்மன் உடன்படிக்கை. மைக்கேல் ஷேக்மன் என்ற வழக்கறிஞர் 1969-இல் தொடுத்த வழக்கின் விளைவாக, அரசியல் காரணத்துக்காக ஊழியரை நீக்கக் கூடாது என்ற தடை 1972-இலேயே வந்திருந்தது. வேலைக்கு எடுப்பதிலும் அரசியல் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் 1979-இல் கூறியது. முந்தைய மேயர்கள் இழுத்தடித்ததை வாஷிங்டன் நிர்வாகம் 1983-இல் ஏற்றுக் கையெழுத்திட்டது. அவருடைய ஆதரவாளர் பலருக்கு இது கசந்தது. ஐம்பது ஆண்டுகள் வெள்ளையர் தின்ற பந்தியில் நமக்கு இலை போடும் நேரத்தில் பந்தியையே மூடுகிறாரே என்பது அவர்கள் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. அரசியல் கணக்கில் பார்த்தால், மன்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே கயிற்றை மேயர் தாமாகவே அறுத்தெறிந்தார். அதற்கு மாற்றாக வேறொரு கயிற்றை அவர் திரிக்கவில்லை.

அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் உரிமை ஆட்சியின் தொடக்கத்திலேயே ஆணையாக வந்தது. 1985-இல் வந்த ஆணை, நகராட்சி ஒப்பந்தங்களில் 25 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் 5 விழுக்காட்டைப் பெண்களின் நிறுவனங்களுக்கும் இலக்காக வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில், நகராட்சிச் சேவை பெற வருபவரின் குடியேற்றத் தகுதியை ஊழியர் விசாரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். இது லத்தீனோ ஆதரவாளர்களுக்கு அவர் செலுத்திய கடன். ரிச்சர்ட் எம். டேலி 1989-இல் மேயரானபோது இதை நீக்கவில்லை, தம் பெயரில் மறுபடி பிறப்பித்தார். 2006-இல் அது நகரச் சட்டமானது. டேலியின் மகனுக்கு வாஷிங்டனிடம் அன்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. லத்தீனோ வாக்கு அவருக்கும் வேண்டியிருந்தது. எழுதப்பட்ட ஒன்றை அழிப்பதன் விலை, எழுதாமல் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

பொருளாதாரத்தில், 1984-இல் வெளியான ‘சிகாகோ ஒர்க்ஸ் டுகெதர்’ என்ற திட்ட ஆவணம் வேலைவாய்ப்பையும் குடியிருப்புப் பகுதிகளையும் நகர மையத்தின் வானளாவிகளுக்கு முன்னே வைத்தது. பொருளாதார வளர்ச்சித் துறைக்குப் பொறுப்பேற்ற ராபர்ட் மியர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். நகராட்சி உதவியோடு கடன்பத்திரம் பெற்ற பிளேஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை மூடப்படவிருந்தபோது நகரம் வழக்குத் தொடுத்தது. ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை; தொழிலாளர் வேறு வேலை தேட அவகாசமும் உதவியும் கிடைத்தன. கிளைபோர்ன் தெருவை ஒட்டிய தொழிற்பட்டறைகள் அடுக்குமாடி வீடுகளாக மாறாமல் தடுக்கும் காப்பு மண்டலம் வாஷிங்டன் காலத்தில் வரையப்பட்டு, அவர் இறந்த மறு ஆண்டு நிறைவேறியது. 1986-இன் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1987-இன் நெறிமுறைச் சட்டமும் மன்றம் கைக்கு வந்த பிறகு கிடைத்தவை.

கணக்கின் மறுபக்கம்

பொதுக் குடியிருப்பு வாரியம் இந்த ஆட்சியின் மோசமான பக்கம். பர்னின் நியமனங்களை எதிர்த்து எழுந்த அலையில் வென்றவர், அதே வாரியத்துக்குத் தம் ஆதரவாளரும் முன்னாள் காவலருமான ரெனால்ட் ராபின்சனைத் தலைவராக்கினார். மின்தூக்கிகள் நின்றன, ஒப்பந்தங்கள் குழம்பின. ராபின்சன் 1987-இல் விலகினார். அங்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள்தான் வாஷிங்டனுக்காக மிக அதிகமாக வரிசையில் நின்றவர்கள். கூட்டரசின் வீட்டுவசதி நிதி வெட்டு இதற்கு ஒரு காரணம் என்பது சரி. நிர்வாகத் திறமையின்மை மற்றொரு காரணம். 1986-இல் வெளிப்பட்ட லஞ்ச விசாரணையில் சிக்கியவர்களில் அவர் அணியினரும் இருந்தனர்.

ஒருபாலீர்ப்பினருக்கான உரிமைச் சட்டம் 1986 ஜூலையில் 30-க்கு 18 என்று தோற்றது. மேயரின் அணியில் அப்போது 25 பேர் இருந்தனர். குறைந்தது ஏழு பேர் தம் மேயரின் முயற்சிக்கு வாக்களிக்கவில்லை என்பது இந்தக் கழித்தலிலேயே தெரிகிறது. அணி இருந்தது, பொதுவான கொள்கை இல்லை.

1987 டிசம்பர்

1987 ஏப்ரலில் சுமார் 54 விழுக்காடு வாக்கோடு மீண்டும் வென்ற வாஷிங்டன், இந்தக் குறையை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. நவம்பரில், அடுத்த ஆண்டு மாவட்டத் தேர்தலுக்காக எல்லாத் தரப்பும் அடங்கிய வேட்பாளர் பட்டியலை அவர் முன்னின்று உருவாக்கினார். அதில் அவருடைய ஆதரவாளர் கேரல் மோஸ்லி பிரானும் இருந்தார், ரிச்சர்ட் எம். டேலியும் இருந்தார். இயக்கத்தவர் பலர் முகம் சுளித்தனர். இயந்திரத்தின் பிள்ளை இயந்திரத்தைத் தம் கைக்குள் கொண்டுவரத் தொடங்கியிருந்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன். இருபது ஆண்டு மேயராக இருப்பேன் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. திட்டமும் அந்தக் கால அளவில்தான் இருந்தது. அளவுமீறிய உடல் எடை, ஓய்வின்மை, மருத்துவர் சொல் கேளாமை எல்லாம் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய தினம் அவர் இறந்தார்.

டிசம்பர் 1 இரவு மன்றம் கூடியது. வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வாஷிங்டனின் மன்றத் தளபதி டிமத்தி எவன்ஸை அவர்கள் விரும்பினர். பழைய 29-இல் எஞ்சியவர்களும் கறுப்பின ஆல்டர்மன்களில் ஒரு சிறு பிரிவினரும் ஆறாம் வார்டின் யூஜின் சாயரை முன்னிறுத்தினர். பேரம் வேண்டாம் என்ற முழக்கத்துக்கு நடுவே, விடியற்காலை நான்கு மணியளவில் 29-க்கு 19 என்ற கணக்கில் சாயர் தேர்வானார். 29 என்ற 1983-இன் எண் திரும்பிவந்தது. ஆட்கள் மட்டும் சிலர் வேறு.

சாயரைத் துரோகி என்று முடிப்பது எளிது. அவருடைய குறுகிய ஆட்சியில்தான் கிளைபோர்ன் காப்பு மண்டலமும், 1986-இல் தோற்ற உரிமைச் சட்டமும் 1988-இல் நிறைவேறின. வாஷிங்டனின் திட்டத்தை வாஷிங்டனின் எதிரிகளால் மேயரானவர் நிறைவேற்றினார். ஆனால் கறுப்பின வாக்காளர் சாயர், எவன்ஸ் என்று பிரிந்து நின்றனர். 1989 சிறப்புத் தேர்தலில் ரிச்சர்ட் எம். டேலி வென்று 2011 வரை ஆண்டார்.

மதிப்பீடு

ஷேக்மன் உடன்படிக்கை வேலைக்கு வாக்கு என்ற வழக்கத்தை ஒழித்ததா? இல்லை. இளைய டேலியின் ஆட்சியில் நேர்காணல் மதிப்பெண்களைத் திருத்திக் கட்சிக்காரர்களுக்கு வேலை தந்தது வெளியானது. 2005-இல் நீதிமன்றம் கண்காணிப்பாளரை நியமித்தது. 2006-இல் மேயரின் உதவியாளர் ராபர்ட் சோரிச் தண்டிக்கப்பட்டார். எழுத்து ஊழலைத் தடுக்கவில்லை. ஆனால் பெரிய டேலியின் காலத்தில் ஊர்வழக்கமாக இருந்த செயல், மகன் காலத்தில் சிறைக்கு அனுப்பும் குற்றமாகியிருந்தது. இந்த வித்தியாசத்துக்கு 1983-இன் கையெழுத்தும் ஒரு காரணம்.

கூட்டணியைப் பொறுத்தவரை தீர்ப்பு கடுமையாகவே இருக்க வேண்டும். வாஷிங்டன் வேலைக்கயிற்றை அறுத்தது சரி. அதன் இடத்தில் வார்டுதோறும் உறுப்பினரும் நிதியும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உள்ள ஓர் அமைப்பைக் கட்டாதது பெருங்குறை. நான்கரை ஆண்டில் மூன்றை மன்றப் போர் தின்றது என்பது தணிக்கும் காரணமே தவிர, விலக்கும் காரணம் ஆகாது. தம் ஆல்டர்மன்கள் வார்டு வாக்காளருக்கு அஞ்சியே தம்மோடு நிற்கிறார்கள் என்பதை, பிரிசிங்க்ட் கேப்டனாக வளர்ந்த அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. சீர்திருத்த நிர்வாகி என்ற முறையில் அவரை அமெரிக்க நகர வரலாற்றின் முதல் வரிசையில் வைக்கலாம். அமைப்பாளர் என்ற முறையில் வைக்க முடியாது.

அவருக்குப் பிறகு கறுப்பினத்தவர் ஒருவர் மக்கள் வாக்கால் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட 2019 வரை, லோரி லைட்ஃபுட் வரும்வரை, சிகாகோ காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-இல் வென்ற பிராண்டன் ஜான்சன் சிகாகோ ஆசிரியர் சங்கத்தின் அமைப்பாளராக இருந்தவர். அவருக்குப் பின்னால் நின்றது சந்தாவும் உறுப்பினர் பட்டியலும் கொண்ட ஒரு தொழிற்சங்கம்.